ஒன்பதாம் பக்கம், மூன்றாம் கட்டம்

பகலில் நான் சென்னிமலையில்
பெட்சீட்டுக்குப் பூ வரைகிறவள்.
ஒரு பூவை ஒரு தரம் வரைந்தால் போதும்,
தறி அதையே நாலாயிரம் தரம் சொல்லிக்கொண்டிருக்கும்.

ராத்திரியில் அத்தப்பன்.
அவன் முகத்தைத் தறி சொல்லாது.
கட்டத்துக்குக் கட்டம் நானேதான்
நெற்றியில் ஏழு, இடது கன்னத்தில் பதினொன்று,
காதுக்குக் கீழே கோவைக்காய் அளவில் ஒன்று என
எண்ணி எண்ணி வைக்க வேண்டும்.
நரம்பில் முளைக்கிற கட்டிகள். ஒட்டாது.
பெருந்துறை டாக்டர் சொன்ன பெயர்
வசனக் குமிழில் அடங்கவில்லை,
விட்டுவிட்டேன்.

"தொப்பி வெச்சு மறச்சுப்போடலாமுங்களே"
என்றார் பதிப்பாளர் ராசியண்ணன்.
"அட்டையில மட்டுமாச்சும்.
கடையில தொங்கற பொஸ்தகம் பாருங்க,
கொழந்தைக பயந்துக்கும்."
கொலைக்குப் பயந்துக்காதுங்களா என்றேன்.
டீ சொன்னார்.

முதல் வழக்கு, ஈரோடு மஞ்சள் மண்டி.
எடைக் கணக்கன் மூட்டைகளுக்கு அடியில் கிடக்கிறான்.
கறுப்பு வெள்ளைப் புத்தகம்தான்,
ஆனாலும் மஞ்சள் தெரிய வேண்டுமென்று
மூன்று ராத்திரி புள்ளி புள்ளியாகத் தூவினேன்.
அறையில் ஆறு பேர்.
அத்தப்பன் உள்ளே வருகிறான்.
ஒருவன் காலண்டரைப் பார்க்கிறான்,
ஒருவன் உத்தரத்தை,
சுமைக்காரி தன் கால் நகத்தை,
ஏட்டு மூடிய நோட்டை,
முதலாளி, அடிக்காத போனை.
தன்னைப் பார்க்காத கண்
எங்கே போய் ஒதுங்குகிறது என்று பார்ப்பதுதான்
அத்தப்பனின் தொழில்.

ஆறாவது ஆள், குமாஸ்தா சம்பத்து,
கண் கொட்டாமல் அவன் முகத்தையே பார்க்கிறான்.
"வாங்க சார், உக்காருங்க" என்கிறான்.
தப்பித் தவறித் தராசுப் பக்கம்
கண் போய்விடுமோ என்ற பயம்.
தராசுக்கு அடியில்தான் கத்தி.

வரைந்து முடித்தபோது என்னையே மெச்சிக்கொண்டேன்.
அப்புறம்தான் உறைத்தது:
அவனை ஒருவன் நேராகப் பார்த்தால்
அவன் கொலைகாரனாகத்தான் இருக்க வேண்டும் என்று
எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்.

வெள்ளோடு வழியாக வரும் டவுன் பஸ்ஸில்
அந்த ஆளின் பக்கத்து இடம் காலி.
பன்னிரண்டு பேர் நின்றுகொண்டு வந்தோம்.
நான் ஜன்னல் வழியே ஒரு சிமெண்டு விளம்பரம் பார்த்தேன்.
அதிலிருந்த போன் நம்பர்கூட ஞாபகமிருக்கிறது.
அவர் முகம் இல்லை.
அத்தப்பனின் கட்டிகள் அத்தனையும்
நான் பார்க்காமல் வரைந்தவை.

கொடுமுடியிலிருந்து ஒரு கார்டு வந்தது.
"ஒம்பதாம் பக்கம் மூணாங் கட்டத்துல
காதுக்குக் கீழ இருக்கறதக் காணமுங்க.
பத்தாம் பக்கம் திரும்பி வந்துருச்சு.
எனக்கும் அப்படி ஒரு நா போய்ட்டு வந்தாத் தேவல.
இன்னொண்ணு, சித்திர வெயிலுக்கு அது அரிக்குமுங்க,
உசுரு போற மாதர.
இத்தன பக்கத்துல அவரு
ஒருக்காக்கூடச் சொறியவே இல்லியே.
கொலைகாரன் ஆருன்னு ஆறாம் பக்கமே தெரிஞ்சுபோச்சு.
நேராப் பாக்கறவனக் கண்டா
எனக்குஞ் சந்தேகந்தானுங்க.
இப்படிக்கு, கு. நாச்சம்மாள்."

ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன்.
காணவில்லைதான்.

இரண்டாம் வழக்கு கரூரில், கொசுவலைக் கம்பெனி.
சந்தேகப்பட்டவன் வாய் திறக்கப் போகிற நேரம்.
"சித்த இருங்க" என்கிறான் அத்தப்பன்.
பென்சிலைத் திருப்பிப் பிடித்துக்
காதுக்குக் கீழே சொறிகிறான்.
அடுத்த கட்டத்திலும் சொறிகிறான்.
அதற்கடுத்ததிலும்.

"நாலு கட்டம் சும்மா போகுதுங்களே"
போனில் ராசியண்ணன்.
ஐந்தாவதற்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
கண்ணை மூடியிருக்கிறான், வாய் லேசாகக் கோணியிருக்கிறது,
அப்படி ஒரு சுகம்.
எதிரில் இருப்பவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.
அவன் குற்றவாளியா என்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.