காலி வரிசை

தார்த்தூவில் பிப்ரவரி. ஆறு கெட்டியாகிக் கிடக்கிறது.
நான் பால்மாவு கரைத்துக்கொண்டிருக்கிறேன்.
குடிக்க அல்ல.
சவ்வின் வெற்றிடங்களைப் பாலால் அடைத்துவிட்டால்
எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாது என்பார்கள்.
ஒட்டும். கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

நாங்கள் தேடுவது ஒரு குடும்பம் வந்து தட்டும் கதவை.
ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணிகள்.
மனிதரில் இருபத்திரண்டு பேர்,
கடைக்குட்டியின் எண்ணோ இருபத்து மூன்று.
பதினைந்தாம் எண்ணில் ஆளில்லை.
எலியிடம் பதினைந்து உண்டு, பத்தொன்பது கிடையாது:
ஒரே பிள்ளைக்கு இரண்டு வீட்டில் இரண்டு பெயர்.
நால்வர் செல்லின் வாசற்படியைத் தாண்டுவதே அபூர்வம்.
ஒருவர் எலும்பில் பிறந்து சிறுநீரகம் வரை போய்
பாஸ்பேட்டை வெளியே விடு என்கிறார்.

கதவுகள் நான்கு.
ஐந்தாவதும் ஒன்றுண்டு, தட்டினால் உள்ளே மணி அடிக்காது.
எங்களுக்கு வேண்டியது மூன்றாவது.

அதைக் காட்டிக்கொடுக்க ஒரு முயல்.
சீட்டில் அதற்குப் பெயரில்லை, 4417.
யாரோ அதன் தோலுக்கடியில்
கதவின் ஒரு சில்லை வைத்தார்கள்.
அதன் இரத்தம் அந்தச் சில்லை மனப்பாடம் செய்தது.
அந்த மனப்பாடம்தான் இந்தக் குப்பி:
நூறு மைக்ரோலிட்டர், நானூற்றிருபது யூரோ.

இரண்டு வருடம் அது சொன்னதை எழுதினோம்.
கட்டியில் உண்டா? உண்டு.
குருத்தெலும்பில்? உண்டு.
கால்யூவின் ஆய்வேட்டில் ஏழு படங்கள்,
ஏழிலும் அம்பு போட்டது நான்.

நேற்று ஹெல்வே, புதிதாக வந்தவள்,
மூன்றாம் ஏற்பியின் மரபணுவையே வெட்டி எறிந்த
செல்களை வளர்த்துக் கொண்டுவந்தாள்.
கடைசி வரிசையில் ஊற்றினேன்.
இருட்டறை. சிவப்பு விளக்கு. தொண்ணூறு நொடி.
பிலிமைக் கரைசலில் ஆட்டினேன்.

எல்லா வரிசையிலும் பட்டை.
கடைசியிலும்.
அதே உயரம், அதே கறுப்பு.

ஆளில்லாத வீட்டுக்குப் போய்
ஆளிருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறது.

முயலே, உன்மேல் தப்பில்லை.
நீ கற்றது ஒரு சில்லைத்தான்;
அதே சில்லு வேறெந்தப் புரதத்தின் விலாவில் இருக்கிறதோ.
ஆமாம்சாமியிடம் போய்
ஆமாமா ஆமாமா என்று கேட்டவள் நான்.
இல்லாததைக் காட்டி
ஒருமுறையும் கேட்கவில்லை.

கால்யூ பிலிமை ஜன்னலில் வைத்துப் பார்த்தான்.
தலைகீழாகவும் பார்த்தான்.
"உர்வே, வரிசை மாறியிருக்குமோ?"
மாறவில்லை.
"பால்?"
அன்றன்றைக்குக் கரைத்ததுதான்.
குல்லாவை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.
மறந்துவிட்ட ஒரு கையுறை தராசின்மேல் கிடந்தது.
நாற்பத்தொரு கிராம் என்று
தராசு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.
அவன் ஜூனில் பட்டம் வாங்க வேண்டியவன்.

பெட்டியில் இன்னும் மூன்று கம்பெனிக் குப்பிகள்.
இன்றைக்கு முதலாவது.
ஹெல்வேயின் செல்கள் மறுபடி கடைசி வரிசையில்.

எனக்கு அழகான கறுப்பு வேண்டாம்.
மற்ற வரிசைகளில் மங்கலாய் ஏதோ வந்தால் போதும்.
அந்தக் கடைசி இடத்தில் மட்டும்
பிலிமை ஜன்னலில் பிடித்தால்
ஆறும் அதன்மேல் நடந்துபோகிற நாயும்
தெரியுமளவுக்கு
ஒன்றுமே இருக்கக் கூடாது.