தோன்றா எழுவாய்

பதினாறு வரி அனுப்பினேன்.
செம்பனை ஆலையின் எடைமேடையில்
இரண்டு லாரிகளுக்கு நடுவே
கட்டைவிரலால் தட்டியது.

முதல் வரி:
பணியிலிருந்த போலீஸ்காரர் ஒருவர்
வேலை முடிந்து திரும்பிய பெண்ணைச்
சாலைத் தடுப்பில் நிறுத்தி
மோட்டார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு...

காலையில் சுங்கை லாலாங் பஸ் நிலையத்தில்
கட்டைப் பிரித்தார்கள்.
ஏழாம் பக்கம். நான்கு வரி.
‘நள்ளிரவில் தனியாகச் சென்ற பெண் மானபங்கம்.’

போலீஸ்காரரைத் தேடினேன்.
இரண்டாம் வரியில் சீருடைப் பணியாளர் ஆகி
மூன்றில் சந்தேக நபர் ஆகி
நான்கில் இரு பிள்ளைகளின் தந்தை ஆகி
வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

‘கூறப்படுகிறது’ என்று முடித்திருந்தார்கள்.
கூறியவள் அவள்.
போலீஸ் பாலாயில் மூன்று மணி நேரம்
அதே நீலச் சீருடைக்கு எதிரே உட்கார்ந்து.

தனபாலனுக்குப் போன் போட்டேன்.
“கேஸ் போடுவான்யா. லைசென்ஸ் நம்மகிட்ட இல்ல, அவங்க கையில.
நகைக்கடை விளம்பரம் வேற, இடமே இல்ல.”
மோசமான மனிதர் இல்லை.
பரிசு வாங்கிய மாணவியின் பெயரைப்
பிழையாய்ப் போட்டதற்கு
வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டவர்.

எழுவாய் தோன்றாவிட்டாலும் வாக்கியம் நிற்கும்,
ஐந்தாம் வகுப்பில் படித்தது.
நிற்கிறது.
மானம் அவளுடையதாம், பங்கம் அவளுக்காம்.
செய்தவன்மேல்
ஒரு வேற்றுமை உருபுகூட ஒட்டவில்லை.

‘நள்ளிரவு’ நான் எழுதவில்லை.
பத்து ஐம்பது என்று எழுதினேன்,
கையுறைத் தொழிற்சாலை ஷிப்டு விட்டு
எல்லா மோட்டார்களும் திரும்புகிற நேரம்.

ஒட்டுக்கடையில் ஒருவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே
பேப்பரைப் பார்த்துக் கேட்டார்:
“அந்நேரத்துல இவளுக்கு அங்க என்ன வேல?”
நான் காசு வைத்துவிட்டு எழுந்தேன்.
எதுவும் சொல்லவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

மாலையில் ஆலை வாசலுக்கு
அவள் அண்ணி வந்தாள்.
“நீங்க எழுதுனத அவ பாக்கணுமாம்.”
பதினாறு வரியையும் காட்டினேன்.
உதடு அசைய, நின்றபடியே படித்தாள்.
“பத்து அம்பதுன்னு சரியா போட்டிருக்கீங்க,” என்றாள்.
“அவ அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா.”

லாரி ஹார்ன் அடித்தது.
சீட்டை நிரப்பினேன்:
பன்னிரண்டு டன், நானூறு கிலோ.
வண்டி எண். வந்த நேரம்.
ஓட்டியவர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
அது காலியாக இருந்தால்
கணினி அடுத்த வண்டியை உள்ளே விடாது.