சீழின் பச்சை

எமாயோகி ஆறு உறைந்து கிடந்த மாதம்.
தார்த்து மருத்துவமனை ஆய்வகத்தில் எனக்கு இரவுப்பணி.
குழாயில் ஒட்டியிருந்த பெயர் ஊர்வே கூஸ்க்,
வயது அறுபத்திரண்டு.
சிறுநீரில் இரத்தம். இருமலிலும்.

அவரை எனக்குத் தெரியும்.
புதன்கிழமைகளில் நான் நீந்தப் போகும்
நகராட்சிக் குளத்தில் துப்புரவுக்காரர்.
முப்பத்தோரு வருஷம்
நீல ஓடுகளுக்கு நடுவே குனிந்து தேய்த்தவர்.
கல்யாணத்துக்குப் போனாலும்
விரலிடுக்கில் குளோரின் வாசம் கூடவே வருமாம்,
பக்கத்து நாற்காலிக் குழந்தைகள் மூக்கைப் பொத்துமாம்.
சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

நான் அவரிடம் சொல்லாதது ஒன்றுண்டு.
குளோரின் அவருக்கு உள்ளேயும் இருந்தது.

வெள்ளணு ஒரு கிருமியை விழுங்கியதும்
அதன் வயிற்றில் சின்னச் சின்னப் பைகள் உடைகின்றன.
அதற்குள் ஒரு நொதி,
மையலோபெராக்சிடேஸ், வாயில் நுழையாத பெயர்,
நம் உப்பையே எடுத்து
வெளுப்புநீர் காய்ச்சுகிறது.
கிருமி அதில் வெந்துபோகிறது.

அந்த நொதி பச்சை.
இரத்தத்தில் சிவக்கிற அதே இரும்பு
இங்கே வேறு மடியில் உட்கார்ந்து பச்சையாகிறது.
பழுத்த கட்டியைப் பிதுக்கினால் வருகிற நிறம்
சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களின் சட்டை நிறம்.

சிலருக்குப் பிறவியிலேயே இது இல்லை.
பலர் அது தெரியாமலே கிழடாகிறார்கள்.
ஒரே பூட்டை நம்பி
உடம்பு வீடு கட்டுவதில்லை.

ஊர்வேயின் உடம்போ
பூட்டையே திருடன் என்று பிடித்துவிட்டது.

யாரோ ஒரு கொடையாளியின் வெள்ளணுக்கள் படிந்த கண்ணாடியில்
அவர் சீரத்தை விட்டேன்.
அரைமணி. கழுவல். சாயம். மறுபடி கழுவல்.
இருட்டறையில் குனிந்து பார்த்தால்
உட்கருவைச் சுற்றி வளையம் வளையமாய்
காய் ஆப்பிள் பச்சை.
(இந்தப் பச்சை சாயத்துடையது, நொதியுடையதல்ல.
தெரியும். ஆனாலும் அந்த இரவில்
இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை.)
நேர்மறை என்று எழுதினேன்.
பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி எழுதினேன்.

நுரையீரலின் நுண்குழாய்களில்
தன் வெள்ளணுக்களே வெடித்து
தன் சுவரையே வெளுத்துக்கொண்டிருந்தன.
ஸ்டீராய்டு. சொட்டுச் சொட்டாய் இன்னொரு மருந்து.
முகம் பூசணியாய் வீங்கியது.
சிறுநீரகம் பாதி திரும்பி வந்தது,
மீதி வரவில்லை.

ஏப்ரலில் பனி உடைந்து ஆறு சத்தம்போட்டபோது
டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.
வாளியைத் தொடக் கூடாதாம்.
டாக்டர் எல்லாம் விளக்கினாராம்.
“முப்பத்தோரு வருஷமாக இரண்டு குளத்துக்கு
வேலை பார்த்திருக்கிறேன்,
ஒன்றுக்குத்தான் சம்பளம்.”

பிறகு செருப்பைக் கழற்றி
கால் கட்டைவிரலைக் காட்டினார்.
ஓட்டு விளிம்பு கிழித்த இடத்தில்
ஒரு பொட்டு சீழ், இளம்பச்சை.
“பார், வேலைக்கு வந்துவிட்டார்கள்.”
இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன், கடுமையாகவே.
போகிறேன், போகிறேன் என்று
மீதிச் சில்லறையை எண்ணித் தந்தார்.

அன்று தண்ணீரில் குளோரின் கொஞ்சம் கூடுதல்.
கண் எரிந்தது.
யார் கலந்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.