ஈரத்துணி

ஜூன் மாதத்திலிருந்து
மலையேறும்போதெல்லாம் செத்துப்போகிறது என் ஷிகுலி.
சூசாமிர் புல்வெளி முடிந்து
தோ-அஷூ சுரங்கத்துக்கு முன்னால்,
மூன்றாவது வளைவில்,
முதலில் ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு விக்கல்,
அப்புறம் காற்றின் சத்தம் மட்டும்.
பின்னால் குமிஸ் புளித்துக்கொண்டிருக்கும்.
கராபால்டாச் சந்தை யாருக்காகவும் காத்திருக்காது.

ஈரத்துணி கட்டு என்றான் மைத்துனன் ரிஸ்கெல்தி.
இந்தப் பக்கத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன் முதல்
இமாம் வரை எல்லோரும் சொல்கிற வைத்தியம்:
சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிறது,
ஆவியைத் தள்ளப் பம்புக்குத் தெரியாது,
ஓடையில் துணியை நனைத்து அதன் தலையில் போடு,
கால் மணி நேரம் சும்மா இரு.

போட்டேன். சும்மா இருந்தேன். ஓடியது.
ஏழு கிலோமீட்டர்.

அந்தக் கோடையில் என் பூப்போட்ட தலைக்குட்டையை
பம்புதான் கட்டிக்கொண்டது.

நீலப் பங்கில் தண்ணீர் கலக்கிறான் என்றாள் அண்டைவீட்டு அய்சாதா.
ஜாம் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து
ஜன்னலில் ஓர் இரவு வைத்தேன்.
அடியில் கோடு விழவில்லை.
பங்குக்காரனை மனதில் திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மெக்கானிக் பனாஸ் வண்டியை மூன்று நாள் வைத்துக்கொண்டான்.
பம்பின் ரப்பர் புதிது, ஃபில்டர் புதிது,
கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஒவ்வொன்றாய்
வாயால் ஊதினான்.
மிதவைக்கு ஆறரை மில்லிமீட்டர் இடைவெளி,
துளைப்பான் ஊசியை நுழைத்து அளந்து காட்டினான்,
நான் சந்தேகப்படுகிறவள் என்பதால் இரண்டு முறை.
பிறகு அவனே மலைமேல் ஓட்டிப் போய்
சிகரெட் பிடித்தபடி திரும்பி வந்தான்.
"வண்டிக்கு ஒன்றுமில்லை, அக்கா. உனக்குத்தான் அவசரம்."
காசை எண்ணி வாங்கினான்.

மறு வெள்ளிக்கிழமை, மூன்றாவது வளைவு.
இழுப்பு. விக்கல். காற்று.

அன்று ஆத்திரத்தில் ஓடைக்குப் போகவில்லை.
பெட்ரோல்தான் குறைச்சலோ என்று
கேனை எடுத்து டாங்கின் மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

உள்ளே இழுத்தது.
வெகுநேரம் நீருக்கடியில் இருந்தவன்
மேலே வந்து இழுக்கிற மாதிரி,
நான் பயந்து கையை எடுக்கிற அளவுக்கு நீளமாக.
சாவியைத் திருப்பினேன்.
துணி இல்லை, காத்திருப்பு இல்லை.
முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

எஞ்சினை அணைத்துவிட்டு
சாலையோரக் கல்லில் உட்கார்ந்து யோசித்தேன்.
கராபால்டாவிலிருந்து திரும்பும் ஏற்றம்
இதைவிடச் செங்குத்து.
அதில் ஒருநாளும் நின்றதில்லை.
ஒருநாளும்!
மூன்று மாதமாக என் கண்ணெதிரே கிடந்த பதில்,
நான் அதன்மேல் ஏறி ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறேன்.
போகும்போது பாரம். வரும்போது காலி.
பனாஸ் ஓட்டியதும் காலி.

டிக்கியைத் திறந்தேன்.
வலது பக்கம் டாங்க்.
அதிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய்,
டாங்க் மூச்சு விடுவதற்கு.
அதன்மேல் என் நாற்பது லிட்டர் அலுமினியக் கேன்,
ஜூன் மாதம் நானே பேரம் பேசி
பழையதைவிடப் பெரிது என்று பீற்றிக்கொண்டு வாங்கியது,
விளிம்பு பதிய அழுத்தி உட்கார்ந்திருந்தது.
குழாய் அங்கே நாக்குப்போலத் தட்டை.

பம்பு பாவம், வெறுமையோடு இழுபறி நடத்தியிருக்கிறது.
நான் கல்லில் சும்மா இருந்த கால் மணி நேரத்தில்
நசுங்கிய குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாய்
காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது.
பெயர் துணிக்கு.

கேனை இடப்பக்கம் நகர்த்தினேன். அவ்வளவுதான்.
ரிஸ்கெல்தியிடம் சொல்லவில்லை.
பனாஸிடம் சொல்வேன், காசைப் பற்றியும்.

செப்டம்பரில் அதே வளைவில் ஒரு மாஸ்க்விச் நின்றிருந்தது.
புதுக் கல்யாணக்காரர்கள்,
அவள் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்,
அவன் எஞ்சினை முறைத்துக்கொண்டிருந்தான்.
எல்லாம் தெரிந்தவள் போல இறங்கி
"டாங்க் மூடியைத் திற" என்றேன்.
திறந்தான்.
சத்தமே இல்லை.
டிக்கியில் ஒரு கிடாரும் இரண்டு தர்பூசணியும்.
பம்பில் கை வைத்தேன், சுட்டது.

ஒன்றும் பேசாமல் ஓடைக்கு நடந்தேன்,
தலைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே.