எட்டுக்குக் கீழே

காவேரிப்பட்டணம் கூழ் ஆலையின் கேட்டில்
என் வேலை ஒரு சொட்டு.
பெங்களூரா மாங்காயைக் கீறிக்
கண்ணாடியில் பிழிந்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன்.
எட்டு பிரிக்ஸ் இருந்தால் லாரி உள்ளே.
இல்லையென்றால் வந்த வழியே போச்சம்பள்ளி.

எதிர்ச் சுவரில் ஆளுயர எழுத்து:
இனிப்பு எங்கள் கைவண்ணம்.
ஜூன் முழுக்க அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
திருப்பி அனுப்பியதை
யார் குடித்துப் பார்த்தார்கள்?

பையில் இரண்டு கடிதங்கள்.
புள்ளியியல் ஆராய்ச்சிக்கு இடம் உண்டு என்று இரண்டும்.
ஒன்று பெரிய துறை;
அங்கே முடித்தவர்கள் எங்கெங்கோ பேராசிரியர்கள்,
பட்டியலே மூன்று பக்கம்.
மற்றதன் பேரைச் சொன்னால்
"அது எங்க இருக்கு?" என்பார்கள்.
நாளை மாலை ஐந்துக்குள் பதில் போக வேண்டும்.

அவர்களை அந்தத் துறை ஆக்கியதா,
ஆகப் போகிறவர்களாகப் பார்த்து அள்ளியதா?
அண்ணனுக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.
"எதுவா இருந்தா என்ன? சாக்குல முத்திரை இருந்தா
வெலை தானா வரும்."
அவன் சொல்வதும் பொய்யில்லை.

சுவரைக் கேலி பண்ணிவிட்டு நகரவும் முடியவில்லை.
போன வருஷம் ஒரு லாரி, ஏழு புள்ளி எட்டு.
மேஸ்திரி திம்மராயனுக்கு எங்கிருந்தோ போன் வந்தது;
கேட் திறந்தது.
அந்தக் கூடைகளுக்கு மட்டும் சிவப்புக் கயிறு கட்டினேன்.
யாரும் கட்டச் சொல்லவில்லை.
பழுக்க வைக்கும் அறையில் நாலு நாள்,
ஒன்றின் மூச்சில் இன்னொன்று கனிந்துகொண்டு.
ஐந்தாம் நாள் பிழிந்தேன்.
எட்டேகாலில் நுழைந்தது பதினாலரை.
சிவப்புக் கயிறு பதினாலு புள்ளி மூன்று.
அந்த வித்தியாசத்துக்கு
என் கருவி சத்தியம் பண்ணாது.

அப்படியானால் அறை ஏதோ கொடுத்திருக்கிறது.
பர்கூர் ஆலையின் அறை கூடக் கொடுத்திருக்குமோ?
ஒரே காயை இரண்டு அறையில் பழுக்க வைக்க முடியாது.
என்னையும்.

இரண்டு துறைக்கும் ஒரே கேள்வி அனுப்பினேன்:
நடுவில் விட்டுப் போனவர்கள் யார் யார்?
பெரிய துறை
அதே மூன்று பக்கத்தை மறுபடி அனுப்பியது.
சின்னதிலிருந்து நாலு பெயர் வந்தது,
ஒரு பெயருக்கு எதிரே, பேனாவால், "என் தவறு."

பெரிய துறையின் பழைய குழுப் படங்களைத் தேடி
வருஷ வாரியாக அடுக்கினேன்.
மூன்று படத்தில் ஓரமாய் நிற்கிறவர்
நாலாவதில் இல்லை.
முனிரத்தினம். ஊத்தங்கரையில் கூட்டுறவு வங்கி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தேன்.
"மூணு வருஷம் வீண்னு சொல்ல மாட்டேங்க.
இங்க மேனேஜர் சொல்வாரு,
நாம கடன் குடுத்த ஆடெல்லாம் குட்டி போட்டுருச்சுன்னு.
நான் கேப்பேன்,
கடன் கெடைக்காதவங்க ஆடு என்ன ஆச்சு சார்?
அதனாலயே எனக்கு புரமோஷன் இல்ல."
சிரித்தார்.

"அங்க போறதுக்கு முன்னாடியும்
இப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

சோற்றுத் தட்டை நகர்த்துகிற சத்தம்.
டவுன் பஸ் ஒன்று கடந்து போனது.
"தெரியலீங்க.
போகாத முனிரத்தினம் யாராச்சும் இருந்தா
அவனத்தான் கேக்கணும்."

போனை வைக்கும்போது கேட்டில் ஹாரன்.
கீறினேன். பிழிந்தேன்.
நிழலின் விளிம்பு எட்டைத் தொடுகிற மாதிரியும் இருக்கிறது,
தொடாத மாதிரியும்.
டிரைவர் இறங்கி வந்து
என் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

கண்ணாடியைத் துடைக்கிறேன்.
லாரியின் அடியிலிருந்து
இன்னொரு காய் எடுத்து வரச் சொல்கிறேன்.