நாலு குதிரை

எத்திராஜுலு கடையில் கண்ணாடி மேசை மேல்
மூன்று பெட்டி.
ஒன்று காகித மடிப்பு, கம்பெனி அளவு,
அறுநூற்று இருபது.
அடுத்தது சிவப்பு எண்ணெயில் ஊறிய பருத்தி.
கழுவிக் காயவைத்து
வண்டி இருக்கும்வரை மாட்டிக்கொள்ளலாமாம்.
கடைசியில் கூம்பு.
அதற்குக் கூடு கிடையாது, மூடி கிடையாது,
எஞ்சின் பக்கத்தில் வெறுமனே
வாயைத் திறந்தபடி நிற்கும்.
ஒன்பதாயிரம்.

"இன்னா மேடம் யோசனை?
காத்து ஃப்ரீயா பூந்து வரும்.
நாலு குதிரை ஏறும்."

வெளியே சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு.
மூன்று மணி வெயில்
தார்மேல் மண்ணெண்ணெய் போல நெளிகிறது.
வரப்போகும் நாலு குதிரையும்
இதைத்தான் குடித்தாக வேண்டும்.

கூம்புக்கென்று
இரண்டு மாதச் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தேன்.
குதிரைக்காக இல்லை, சத்தத்துக்காக.

ஆஸ்பத்திரியில் என் வேலை ஊதச் சொல்வது.
மூக்குக்குக் கிளிப், வாய்க்கு அட்டைக்குழல்.
இழுங்க, நல்லா இழுங்க,
இப்ப ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்டுடாதீங்க.
தமிழில், தெலுங்கில், அரைகுறை வங்காளத்தில்
ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம்.
திரையில் ஒரு கோடு மலையேறி இறங்க வேண்டும்.
பாதிப் பேருக்கு மேடுகூட ஏறாது.
ஷிஃப்ட் முடிந்து பாலாற்றுப் பாலத்தில்
ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது
ஏதாவது ஒன்று நெஞ்சு நிறைய இழுப்பதைக்
காதால் கேட்க வேண்டும் போலிருக்கும்.
கடன் முடியாத போலோவாக இருந்தாலும் சரி.
இதையெல்லாம் எத்திராஜுலுவிடம் எப்படிச் சொல்வது?

பானட்டைத் திறந்து
பழையதைக் கழற்றித் தரையில் தட்டினார்.
ஆற்று மணல் விழுந்தது.
வேப்பம்பூ, கொசு, கிழியாத ஒரு தட்டான் இறக்கை,
ராணிப்பேட்டைப் பக்கம் போய்வந்த சாம்பல்.
இன்னொரு தட்டு தட்டியதும்
மடிப்புகளின் அடியிலிருந்து
மாவு மாதிரி வெள்ளை.

விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

போன செவ்வாய் மாசிலாமணி வந்திருந்தார்,
அம்மூர்ப் பக்கம்.
வயது முப்பத்தெட்டு.
ஜல்லி மெஷினில் பதினோரு வருஷம்.
மூன்று முறை ஊதியும் கோடு படுத்தே கிடந்தது.
நாலாவதுக்கு முன்னால்
கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று கேட்டேன்,
துண்டு கிண்டு கட்டிக்கலையா?
"மொதல்ல கட்டினேன் மேடம்.
மூச்சு முட்டுது.
அவுத்துட்டா காத்து நல்லா வருது."
அவர் மனைவி பையிலிருந்து
ஒரு துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டார்.
அதே துண்டா என்று நான் கேட்கவில்லை.

"பருத்தி எடுத்துக்கோங்க, நடுவால,"
எத்திராஜுலு ஒரு படி இறங்கி வந்தார்.
எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும்,
கூடினால் சென்சார் போகும்.
எவ்வளவு ஊற்றணும்?
"கை கணக்குதான்."

காகிதம் போடுங்க, என்றேன்.

"ஜி.டி. மேடம் இது!
இதுக்குப் போயி காகிதமா?"
அவர் முகம்
சொந்தக் குதிரையை விற்றவர் முகம் போலாயிற்று.
மாட்டினார். ஒரு ஸ்க்ரூ மரை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது.
மார்க்கரை வாங்கி விளிம்பில் நானே தேதி எழுதினேன்,
நோயாளி அட்டையில் எழுதுகிற அதே கோணல் எழுத்தில்.

பெரிய மனசெல்லாம் இல்லை எனக்கு.
கூம்புக்கு ஐந்நூறு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.
ஐப்பசியில் நாலு மழை விழட்டும்.
இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரே ஒரு நாள்,
பெருக்கிய தரையில்,
மாட்டிக் கழற்றிவிடலாம்.

பாலத்தில் ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி
மூன்றாவது கியரில் மிதித்தேன்.
மூவாயிரம் சுற்றில்
மெல்லிசாக, ஊசிக்காதில் நூல் போகிற மாதிரி
ஏதோ கேட்டது.

முன்னால் மணல் லாரி.
தார்ப்பாய் கட்டவில்லை.
கண்ணாடியை ஏற்றினேன்.