ஒன்றரை வோல்ட்

வேனைத் திருப்பிக் கொடுக்க வந்த காலிப் பெண்
சாவியை நீட்டியபடி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்:
கட்டிலுக்கடியில் ஏதோ கருகுது,
மீன் வாசம் மாதிரி,
சோறு வேகும்போது மட்டும்.

பெரகலைப் பக்கமிருந்து மேகம் ஏறி
அப்புத்தளைக் கடைவீதியை மூடுகிற நேரம்.
சில்லுக்குக் கல் வைத்தேன்.
பழைய டொல்பின். எட்டு வருடம்
பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது.
இப்போது அதன் வயிற்றில் கட்டில், மடக்கு மேசை,
பட்டரி, இன்வேட்டர்,
பாதி என் கடன்,
பாதி மச்சான் தவநேசனின் கடன்.

கருகுது என்றதும் அவன் முகம்தான் வந்தது.
வயர் இழுத்தது அவன்.
பியூஸ் பெட்டியைத் திறந்தால்
அறுபது இருக்க வேண்டிய இடத்தில் நூறு.
பார்த்தாயா, என்றேன் மேகத்திடம்.
அடிக்கடி போகிறதென்று பெரிய பியூஸ் போடுகிறவன்
நாய் குரைக்கிறதென்று
நாயின் வாயைக் கட்டுகிறவன்.

சும்மா நிற்கையில் எல்லாம் சரி.
பன்னிரண்டு புள்ளி ஆறு இங்கே,
பன்னிரண்டு புள்ளி ஆறு அங்கே.
சுமையில்லாத வயர் பொய் சொல்லாது,
உண்மையும் சொல்லாது.
ரைஸ் குக்கரில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன்.
பட்டரியில் பன்னிரண்டு புள்ளி மூன்று.
இன்வேட்டர் வாயில் பத்து புள்ளி எட்டு.
மூன்று மீற்றர் தூரத்துக்குள்
ஒன்றரை வோல்ட்டைக் காணோம்.

எதுவும் தொலைவதில்லை.
ரதிமலரின் சம்பளச் சீட்டில்
கழிவு, கழிவு என்று எழுதியதெல்லாம்
யாரோ ஒருவர் சட்டைப் பையில் இருப்பதுபோல
இந்த ஒன்றரையும்
எங்கோ சூடாக உட்கார்ந்திருக்கிறது.

மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றி
புறங்கையால் வயரைத் தொட்டுத் தொட்டுப் போனேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகைப் பார்ப்பதுபோல.
பட்டரிப் பக்கம் இளஞ்சூடு.
கறுப்பு வயரிலும் இளஞ்சூடு
(பலர் அதைத் தொடுவதே இல்லை,
போவதற்கு மட்டும்தான் கணக்கு,
திரும்பி வருவதற்குக் கணக்கில்லை என்பதுபோல).
பின்சில்லு வளைவுக்கு மேலே, சிவப்பில்,
கை வைக்க முடியவில்லை.

ஓர் ஒட்டு.
டேப் அப்பளமாய்ப் பொரிந்திருந்தது.
ஒட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை,
அந்தப் பக்கம் ஒரு முனை.
புள்ளி ஒன்பது.
ஒரு விரல் நீளம் தின்றது அவ்வளவு.
மீதியைத்தான் வயர் முழுக்கப் பங்கு போட்டிருக்கிறது.

குக்கரை நிறுத்தி, பட்டரியைக் கழற்றி
ஆறட்டும் என்று காத்திருந்தேன்.
தவநேசனிடம் கேட்க வேண்டியதை
வார்த்தை வார்த்தையாகச் சேர்த்தேன்.
மூன்று பேர் தூங்கினார்கள்டா இதுக்கு மேலே,
அதில் ஒன்று கைக்குழந்தை.
நல்ல வசனம். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு டேப்பை உரித்தேன்.
கறுப்புக்குக் கீழே பச்சை.

பச்சை டேப் பண்டாரவளையில் நான் வாங்கியது.
மறுநாள் முதல் வாடிக்கை.
வயர் எட்டவில்லை.
டோர்ச்சைக் கடைவாயில் கடித்துக்கொண்டு
ஒரு முழம் சேர்த்து முறுக்கினேன்,
நசுக்கிப் பிடிக்கும் குழாய் இல்லாமல், ஈயம் இல்லாமல்.
காலையில் பார்வைக்கு மேலே கறுப்பு.
செம்பு இப்போது ஊதா பாரித்துக் கிடக்கிறது,
அடி வாங்கிய நகம்போல.

போன் எடுத்தேன்.
நூறு பியூஸ் போட்டது நீதானே?
ஆமா மச்சான், என்றான்,
அறுபது நிக்க மாட்டேங்குது, பெரிசாப் போடுன்னு
நீங்கதானே சொன்னீங்க.

கூரையில் மேகம் நீராகி
ஒவ்வொன்றாய்ச் சொட்டியது.
ஏன், என்னாச்சு?
ஒன்றுமில்லை, என்றேன்.
பதினாறு மில்லி வயர்
மீற்றர் என்ன விலை போகுது இப்ப?
ஒட்டில்லாமல் ஒரே நீளமாக வேணும்.

சட்டைப் பைக்குள் பச்சைத் துண்டு
இன்னும் விரலில் ஒட்டுகிறது.